இல்லாத பையும் ஞானமுத்து அண்ணாச்சியும்

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் ஒரு வக்கீலின் தலைப்பாகையைப் பற்றிக் கதையளந்துகொண்டிருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒருவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று, நான் முடிக்கும் வரை காத்திருந்தார். எல்லாரும் சிரித்தார்கள், எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும், "ஞானமுத்து அண்ணாச்சி தவறிட்டாவ. நேத்து அடக்கம் ஆச்சு," என்றார். திறந்த வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் நின்றேன். என் வாயால் எனக்கு வந்த அவமானங்களில் இது புதியது. ஆகப் பெரியதை அண்ணாச்சி கூட இருந்து பார்த்தார். அவரை அறிந்த உங்களுக்கு அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி என்ன சொல்ல?

பாளையங்கோட்டைக் கோர்ட்டில் அவர் நகல் குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், குரல் அப்படியல்ல. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் பாடத் தொடங்கினால் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்; பாதிரியார் மட்டும் பொறுமையாகக் கூரையைப் பார்ப்பார். கொஞ்சம் தணித்துப் பாடக்கூடாதா என்று யாரோ கேட்டதற்கு, "பாட்டு கர்த்தருக்கு வே. அவரு ஒண்ணும் சொல்லலியே," என்றாராம். இதை என்னிடம் சொன்னவர் பாதிரியார்தான்.

நான் கும்பகோணத்துக்காரன். கோர்ட்டுக்கு மொழிபெயர்ப்பாளனாக வந்து சேர்ந்த புதிது. சாட்சிகள் சொல்வதை ஜட்ஜ் துரைக்கு இங்கிலீஷில் சொல்வதும், துரை கேட்பதைச் சாட்சிகளிடம் தமிழில் கேட்பதும் என் வேலை. காவிரித் தண்ணீர் குடித்தவனுக்குத் தாமிரபரணித் தமிழ் எம்மாத்திரம் என்று நினைப்பு. புரியாத சொல் வந்தால் யாரையும் கேட்பதில்லை. மொழிபெயர்ப்பாளனே தமிழுக்கு அர்த்தம் கேட்டால் கௌரவம் என்னாவது?

அன்றைக்கு ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்து வாழைத்தோட்டக் கூலியாள் சுடலைமுத்துவின் வழக்கு. பண்ணையார் வீட்டில் ஒரு வெள்ளிக் கும்பா காணாமல் போயிருந்தது. அன்று கொல்லைப்புறத்தில் வேலை செய்தவன் அவன். அவனுக்கு வக்கீல் கிடையாது. அவன் பக்கம் பேச வந்தவள், கூட வேலை செய்த மாடத்தி ஒருத்திதான். வேலை முடிந்து அவன் எப்படிப் போனான் என்று துரை கேட்கச் சொன்னார். "பைய மம்பட்டிய எடுத்தாம், போனாம்," என்றாள் மாடத்தி.

பைய என்றால் மெதுவாக என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். திருடியவனைப் போல அவன் ஓடவில்லை, நிதானமாகப் போனான் என்று அவனைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை அது. எனக்கோ 'பையை, மண்வெட்டியை' என்று காதில் விழுந்தது. ஒரு பையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு போனான் என்று துரைக்குச் சொன்னேன். துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். பை எவ்வளவு பெரிது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். மாடத்தி விழித்தாள். எந்தப் பை என்றாள். சாட்சி மழுப்புகிறாள் என்று, யாரும் கேட்காமலேயே, துரைக்கு எடுத்துச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மாடத்தியை மறுநாளும் வரச் சொல்லிவிட்டுச் சுடலைமுத்துவை லாக்கப்புக்குத் திருப்பி அனுப்பினார். வீட்டுக்குப் போகலாம் என்று நம்பித் துண்டை மடித்துத் தோளில் போட்டு நின்றவன், அதைக் கையில் சுருட்டிக்கொண்டு போலீஸ்காரன் பின்னால் போனான்.

இரண்டு பாஷையையும் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த அண்ணாச்சி, வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "துணியில்லாம ஒரு பை தச்சுட்டீரே வே. தச்சதுக்கப்புறம் அளவு வேற கேக்கீரு."

அவர் விளக்கியபோது காது மடல் சுட்டது. பழைய செய்யுளில் இதே சொல்லைப் பதவுரையோடு படித்தவன் நான். ஏட்டில் பார்த்துத் தலையாட்டிய சொல்லை வாழைத்தோட்டத்துக்காரி வாயில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்குள் விஷயம் சேவகர்களுக்கு எட்டிவிட்டது. ஒருவன் வெறுங்கையை நீட்டி, இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள் சாமி என்றான்.

காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறி ஊருக்குப் போய்விடுவதாக அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"நாளைக்கு வரப்போற காய்ச்சல் இன்னைக்கே தெரிஞ்சுபோச்சாக்கும்," என்றார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "வெக்கப்படுதது நீரு. உள்ள கெடக்கது அவனா?"

சந்து வழியாக வீட்டுக்கு நழுவப் பார்த்த என்னை அவர் விடவில்லை. கையைப் பிடித்துக் கடைத்தெரு வழியாக நடத்திக்கொண்டு போனார். செய்தி எங்களை முந்திப் போயிருந்தது. வெற்றிலைக் கடையில் சிரித்தார்கள். ஜவுளிக் கடையில் பைத்துணி வேண்டுமா என்று விசாரித்தார்கள். நான் தலையைத் தொங்கப் போட்டேன்.

"நிமிந்து நடவும் வே. இன்னைக்கே சிரிச்சுத் தீத்துரட்டும். மிச்சம் வச்சா ஒம்ம மண்டைக்குள்ள உக்காந்துக்கிட்டுச் சிரிப்பானுவ. நாளைக்குத் தொரை முன்னால நீரு வாய் தொறக்கணும்லா?"

மறுநாள் திறந்தேன். சாட்சி மழுப்பவில்லை, பை என்னுடைய பிழை என்று துரை கேட்பதற்கு முன்பே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைத் திட்டிய திட்டை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கோர்ட்டு முழுக்கப் புரிந்தது. மாடத்தியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"போட்டும் சாமி. பைய படிச்சுக்கிடலாம்," என்றாள்.

அவனுக்கு எதிராக வேறு சாட்சியம் இல்லாததால் சுடலைமுத்துவை விட்டுவிட்டார்கள்.

அதன்பிறகு நான் இந்தக் கதையைச் சொல்லாத கல்யாணப் பந்தல் இந்த ஜில்லாவில் இல்லை. மாடத்தி சொன்னதோடு நிறுத்துவேன், பந்தலே சிரிக்கும். அண்ணாச்சி அங்கே இருந்துவிட்டால் மட்டும், சிரிப்பு ஓயக் காத்திருந்து, "அன்னைக்கு ராத்திரி அவன் உள்ள கெடந்தாம்லா, அதையும் சொல்லும்," என்பார். பந்தல் அடங்கிப்போகும். என் கதையைக் கெடுக்கிறீரே என்று அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். பிற்பாடு, அவர் வராத பந்தலாகப் பார்த்துச் சொல்லப் பழகிக்கொண்டேன். அது அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவர் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

இனி எந்தப் பந்தலுக்கும் அவர் வரமாட்டார். அவர் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு வரி. அதைச் சொல்லாமல் இந்தக் கதையை இனி முடிப்பதில்லை: நான் தைத்த பைக்காகச் சுடலைமுத்து ஒரு ராத்திரி உள்ளே கிடந்தான்.