சோடாவில் வெந்த மழைக்கோட்டு

“வெள்ளி. மாலை, கலே பஸ். மூன்று அடுக்கும் பையில்.”

சில வருஷங்களுக்கு முந்தைய ஒரு நவம்பர் மாதக் காலண்டர் தாளின் பின்னால் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது. ரங்கூனில் போட்டாதாங் பக்கம் எங்கள் வீடு. என் கணவரின் ஆபீஸ் நண்பர் சின் மலைக்காரர். அறுப்பு முடிந்ததும் அவருடைய ஊரார் காட்டில் தங்கி வேட்டையாடுவது வழக்கம். அந்த வருஷம் என் கணவரையும் அழைத்திருந்தார். நண்பர் முன்னாலேயே போய்விட, இவர் மலையடிவார ஊரான கலேக்குப் பஸ் பிடித்துத் தனியாகப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

குளிரே தெரியாத ஊர்க்காரர்கள் நாங்கள். பயத்தில் நிறையப் படித்தேன். பருத்திப் பனியன் கூடாது. ஏறும்போது வேர்வையைக் குடித்துக்கொண்டு, நின்றதும் உடம்பை உறைய வைத்துவிடும். உடனே காய்கிற மெல்லிய உள்சட்டை, அதன்மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத கோட்டு. லத்தா தெருக்கடைகளில் வெளிநாட்டுப் பழந்துணிக் குவியலைக் கிளறி எல்லாம் வாங்கினேன். எனக்கும் ஒரு சின்ன மழைக்கோட்டு.

“வேட்டைக்கு அனுப்புறியா, வெங்காயம் மாதிரி உரிச்சுப் பாக்கப் போறியா?” என்று கணவர் கேலி செய்தார்.

வெள்ளிக்கிழமை அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், என் கோட்டு கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மினுமினுப்பே இல்லை. உட்புறம் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. எங்களோடு இருக்கும் நாத்தனாரிடம் கேட்டேன்.

“செத்தவங்க மேலேருந்து உருவின துணின்னு ஊரே சொல்லுது. அப்படியேவா தம்பிக்குப் போட்டு அனுப்புறது? நேத்து நீ வேலைக்குப் போனதும் எல்லாத்தையும் பிரியாணி தேக்சாவுல போட்டு, சோடா போட்டு நல்லா வேகவச்சேன். இஸ்திரியும் போட்டாச்சு. கம்பளிதான் கொஞ்சம் சின்னதாப் போச்சு.”

பையைக் கட்டியதும் நாத்தனார்தான். நான் ஜிப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கோட்டைத் தொட்டியின் மேல் விரித்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் அப்படியே துணிக்குள் இறங்கித் தொட்டியில் ஒழுகியது. நாத்தனார் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

கணவரின் போன் கிடைக்கவில்லை. வங்கக் கடலில் புயல் என்று ரேடியோ சொன்னது. அந்தப் புயல் முதலில் ஏறுவது அந்த மலைகளில்தான். விடியும்வரை காத்திருந்தேன். காட்டுக்குள் போகுமுன் அவர் ஓரிரவு தங்கப்போகும் வீட்டு அம்மாவின் நம்பர் மட்டும் என்னிடம் இருந்தது. முன்பின் தெரியாதவர். பல தடவை அடித்த பிறகு எடுத்தார். நான் யார் என்று பர்மிய மொழியில் சொல்லி, “அவருடைய கோட்டு மழை தாங்காது, காட்டுக்குப் போகவிடாதீர்கள்” என்று கத்தினேன். இரைச்சலுக்கு நடுவில் “சரி, சரி” என்று ஒரு குரல். லைன் போய்விட்டது. அந்தச் ‘சரி’ எதற்கு என்று தெரியவில்லை. மறுபடி கிடைக்கவுமில்லை.

அடுத்து வந்த நாட்களில் நான் சாப்பிட்டது என்னவென்று நினைவில்லை. போட்டாதாங்கிலும் மழை பெய்தது. தகரக் கூரையில் அது விழும்போதெல்லாம் நாத்தனாரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

ஒருநாள் காலை என் கணவர் வாசலில் நின்றார். உதடு வெடித்து, மெலிந்து, யாருடையதோ ஒரு கனமான ரப்பர்க் கோட்டில்.

அந்த வீட்டம்மா இவரைப் பார்த்ததும் கோட்டைக் கழற்றச் சொல்லி, விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இந்தக் கோட்டையும் தடித்த ஒரு நெசவுப் போர்வையையும் கொண்டுவந்து கொடுத்தாராம். காரணம் ஒன்றும் சொல்லவில்லையாம். மலைமுகட்டில் இரண்டு ராத்திரி விடாத மழை.

“இது மட்டும் இல்லாட்டி என்னைத் தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க” என்றார். நாத்தனார் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

திரும்பும்போது கோட்டைக் கொடுக்கப் போனால் வீடு பூட்டியிருந்ததாம். அந்த நம்பரை அதன்பின் யாரும் எடுக்கவேயில்லை. சண்டை மூண்டபின் இப்போது அந்த மலைக்குச் சரியான வழியுமில்லை.

முகம் தெரியாத ஒருவரின் நல்ல மனதால்தான் என் வீடு நிறைந்திருக்கிறது என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கத்தியது அந்த அம்மாவுக்குக் கேட்டதா, கேட்காமலேயே அவர் அதைச் செய்தாரா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.