ஏழு காட்டிய மீட்டரும் கரையேறிய தவளைகளும்

காலை ஆறு மணி ஷிப்ட். கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்டில் pH மீட்டர் 7.0 என்று காட்டியது. அமிலமும் இல்லை, காரமும் இல்லை, அருமையான தண்ணீர். ஆனால் சுத்திகரித்த தண்ணீர் விழும் எங்கள் குளத்துத் தவளைகள் புல்லில் உட்கார்ந்திருந்தன.

இதிலென்ன அதிசயம் என்பீர்கள். ஒரகடத்தில் வண்டி பாகம் செய்யும் கம்பெனியில் பதினாறு வருடமாக இந்தக் குளத்தைச் சுற்றி வருகிறேன். இந்தத் தவளை லேசில் தண்ணீரை விட்டு வராது. சாம்பலும் பழுப்பும் கலந்த முதுகு, அதில் கரும்புள்ளி, சின்னச் சின்ன மரு. வயிறு வெள்ளை. பின்கால் விரல்களுக்கு நடுவே முழுக்கச் சவ்வு. கண்ணையும் மூக்கையும் மட்டும் வெளியே நீட்டி மிதக்கும். என் ஷூ சத்தம் கேட்டால் தண்ணீர் மேலேயே தத்தித் தத்தி ஓடும். அன்று நான் கிட்டே போயும் ஒன்றுகூடத் தண்ணீருக்குள் குதிக்கவில்லை.

குளத்தில் pH பேப்பரை நனைத்தேன். சிவந்துவிட்டது. அமிலம்!

குளம் வழிந்தால் ஏரிக்குப் போகும். எங்கள் வீட்டு மாடு உட்பட ஊர் மாடு எல்லாம் தண்ணீர் குடிப்பது அங்கேதான். ஏரிக்குப் போகும் மடையை அடைத்தேன், குளத்துக்கு வரும் வால்வையும் மூடினேன். அரை மணியில் மேனேஜர் மூர்த்தி ஓடி வந்தார்.

"இன்னாம்மா, வால்வ மூடி வச்சிகீற? டேங்க் ரொம்பினா ப்ரொடக்‌ஷன் லைன் நிக்கும். நீ பதில் சொல்லுவியா?"

"சொல்றேன் சார்."

"மீட்டர்ல ஏழு கீது. தவளைய பாத்துகினு லைன நிறுத்துவியா?"

"பேப்பரும் செவந்துகீது சார். வேலைய வுட்டு தூக்கினாலும் சரி, நான் தொறக்க மாட்டேன்."

வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். இருந்தாலும் வால்வை விட்டு நகரவில்லை. அவரையே மீட்டர் ரூமுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். போனவர் கத்தினார்: "ப்ரோப் பீக்கர்ல கீது!"

முதல் நாள் மதியம் மீட்டரைச் சரிபார்க்க, தண்ணீரை அளக்கும் முனையான ப்ரோபை, ஏழு காட்டும் திரவம் இருந்த பீக்கரில் முக்கியவள் நான். திரும்ப டேங்கில் போடாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவளும் நானே. மீட்டர் அந்தப் பீக்கரையே அளந்துகொண்டிருந்தது. எப்போதும் ஏழு காட்டியதால் அமிலத்தை முறிக்கும் காஸ்டிக் பம்ப் ஓடவே இல்லை. பாகம் செய்யும் ஷாப்பில் இருந்து வந்த ஆசிட் தண்ணீர் அப்படியே குளத்தில் விழுந்திருக்கிறது. நடுவில் இரண்டு ஷிப்ட் ஆட்களும் மணிக்கு மணி 7.0 என்று எழுதியிருந்தார்கள். வெட்கத்தில் முகம் எரிந்தது.

மூர்த்தி சாரின் குரல் இறங்கியது. "சரி வுடு. லாக் ஷீட்ல மெயின்டனன்ஸ்னு எழுதிடு. உனக்கும் நல்லது."

நான் நடந்ததை எழுதினேன். ப்ரோபை மறந்தது நான். கண்டுபிடித்தது தவளை.

"தவளைன்னு எழுதினா ஆடிட்டர் சிரிப்பான்மா."

"சிரிக்கட்டும் சார்."

குளத்தைச் சரிசெய்ய நான்கு நாள் ஆனது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் குளத்தைப் பாருங்கள், பிறகு மீட்டரைப் பாருங்கள். உங்கள் தவறையும் நீங்களே எழுதுங்கள்.

எனக்கு மெமோ வந்தது. அஜாக்கிரதை என்று போட்டிருந்தார்கள், அது சரிதான். வால்வை மூடியதும் குற்றம் என்று போட்டிருந்தார்கள். அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, "மறுபடியும் மூடுவேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.