பிரேக் அக்காவும் உறைந்துபோன மருந்தும்

என் அக்காவிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் அவளைப் பிரேக் அக்கா என்றுதான் சொல்வார்கள். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அவள் அதை மிதிப்பது அபூர்வம். எதிரே லாரி வந்தாலும் கால் அதன் மேல் சும்மா இருக்கும். வாய் மட்டும், "திருப்பினது போதும், இப்ப நேரா புடிங்க" என்று சொல்லும். ஓட்டுகிறவர் வியர்த்து வழிந்தபடி தானே சமாளித்துவிடுவார். அவள் பிரேக்கை மிதித்துவிட்டாள் என்றால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

வருடக்கணக்கில் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, ஒரு முதுகுப்பையும் வெயிலில் தோல் உரிந்த மூக்குமாக நான் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றேன். "வாடி ஊர்சுத்தி" என்றவள், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"ஊசி போடத் தெரியும்னு போன்ல பீத்திக்கிட்டியே, நெசமா?"

நெசம்தான். ஒரு மலையூர் விடுதியில் கூடத் தங்கியிருந்த சர்க்கரை நோய்க்காரப் பெண்ணுக்குக் கை ஒடிந்தபோது, நான்தான் அவளுக்கு இன்சுலின் போட்டேன். அக்கா எதையும் மறக்கிறவள் இல்லை.

கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர், கருமுட்டைகள் குறைவாக இருக்கின்றன, போகப் போக இன்னும் குறையும் என்று சொல்லியிருந்தார். ஹார்மோன் ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, வெளியே எடுத்து, கருவாக்கி, கர்ப்பப்பையில் வைத்துப் பார்க்கலாம். அக்காவும் மாமாவும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை. அதை முழுசாகச் செய்வது. வந்தால் சந்தோஷம், வராவிட்டால் நான் என் காரைப் பார்த்துக்கொண்டு போகிறேன் என்றாள் அக்கா.

அது பேச்சுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். புதுப் பயிற்சிக் கார் வாங்கப் போனபோது அவள் எஞ்சினைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லையாம். பின்சீட்டில் குழந்தை இருக்கை மாட்டும் கொக்கி இருக்கிறதா என்று குனிந்து தடவிப் பார்த்தாளாம். மாமா சொன்னார். பயிற்சிக் காருக்கு அது எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மாமா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஆள் உயரக் குளிர்பெட்டியை ஒண்டி ஆளாகத் தூக்கி மாடியேறுவார். ஆனால் ஊசி என்றால் அவருக்குக் கை கால் ஓடாது. முதல் நாள் சாயங்காலம் ஊசியின் மூடியை அக்கா கழற்றிய சத்தத்துக்கே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாராம். தனக்குத் தானே குத்திக்கொள்ள அக்காவுக்கும் மனசு வரவில்லை, அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கே போய்ப் போட்டுக்கொண்டாளாம். அடுத்த நாள் நான் போய் நின்றிருக்கிறேன். சாப்பாடு, படுக்கையோடு எனக்கு வேலையும் கிடைத்தது.

இன்சுலின் போட்ட கைதான், ஆனால் அக்காவின் வயிற்றைப் பார்த்ததும் கழற்றிய மூடியை மறுபடி மாட்டியது. அவள் நாற்காலியில் சாய்ந்து, தொப்புளுக்குக் கொஞ்சம் தள்ளி வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்துக் கொடுத்தாள்.

"வண்டிய நீ ஓட்டு. பிரேக் என்கிட்ட இருக்கு."

தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் வலிக்கும், ஊசி ஒரே மூச்சில் இறங்கணும், மருந்தைத்தான் கிளட்ச் விடுகிற மாதிரி மெதுவாக விடணும் என்று சொல்லிக்கொடுத்தாள். குத்தினேன். அவள் முகம் சுளிக்கக்கூட இல்லை. "லைசென்ஸ் குடுத்துடலாம்" என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அந்த நாற்காலிதான். நாளாக ஆக அவள் வயிறு உப்பியது. தலைவலித்தது. சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக் கண்கலங்கினாள், இதற்குப் போய் அழுகிறேனே என்று தன் மேலேயே எரிந்து விழுந்தாள். ஆனாலும் பாடம் எடுப்பதை நிறுத்தவில்லை. ஸ்கேனில் முட்டைகள் வளர்கிற பைகள் கறுப்பு வட்டங்களாகத் தெரிந்தன. கொஞ்சம்தான், ஆனால் நன்றாக வளர்கின்றன, நாலு முட்டை கிடைத்தால்கூட நல்லது என்றார் டாக்டர்.

தன் பங்குக்கு எதுவும் செய்ய முடியவில்லையே என்று மாமாவுக்கு ஒரே குறை. ஊசி மருந்து பேனா வடிவத்தில் இருந்தது. அதை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்று கேட்டதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. ஒரு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டு ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டார். கதவு ரப்பரை மாற்றினார், குளிரைக் கூட்டி வைத்தார். கதவுப் பக்கம் திறந்து மூடுகிற இடம், சூடு ஏறும் என்று மருந்தை உள்ளே தள்ளிப் பின்சுவரோடு ஒட்டி வைத்தார். இப்படி ஒரு ஃப்ரிட்ஜ் ஆஸ்பத்திரியில்கூட இருக்காது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மறுநாள் சாயங்காலம் பேனாவை எடுத்தேன். கை விறைக்கும் குளிர். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மருந்து அசையவில்லை. உள்ளே வெள்ளை நூலாக ஐஸ் ஓடியிருந்தது.

ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் செய்தேன். உறைந்த மருந்துக்கு வீரியம் இருக்காது, இளகினாலும் போடக் கூடாது, இந்தக் கட்டத்தில் ஒரு ஊசியைக்கூடத் தவறவிடவும் கூடாது, உடனே வந்து வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். ஆஸ்பத்திரி நகரத்தின் அந்தக் கோடியில். அங்கே மருந்துக் கடை மூடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வெளியே பயிற்சிக் கார் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அன்றைய மாணவி, ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் அம்மா, தயாராக உட்கார்ந்திருந்தார். லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை தோற்றவர். வேகத்துக்குப் பயந்து இரண்டாம் கியரைத் தாண்டாததால் எங்கள் வீட்டில் அவருக்கு ரெண்டாம் கியர் என்று பெயர்.

அக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பேனாவைக் காட்டிச் சொன்னேன். அவள் கை கதவின் கைப்பிடியிலேயே நின்றது. அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு மூச்சை இழுத்து விட்டுக் காரைப் பார்த்து நடந்தாள்.

"மேடம், இன்னிக்குப் பாடம் மேம்பாலம்."

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நீயே ஓட்டேன், நேரமில்லையே என்று நான் பின்னாலேயே ஓடினேன். ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கிறது, அவர் ஓட்டட்டும், நீ பின்னால் ஏறு என்றாள்.

அது மாதிரி ஒரு பயணத்தை நான் எந்த நாட்டிலும் போனதில்லை. பின்னால் பஸ்காரர்கள் ஹாரனிலேயே திட்டினார்கள். ரெண்டாம் கியர் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "கண்ணாடி பாருங்க. அவன் கத்தட்டும், அவனுக்கு வேற வேலையில்ல. இப்ப மூணு போடுங்க." மூன்று விழுந்தது. மேம்பாலத்து இறக்கத்தில் நான் எட்டிப் பார்த்தேன். அக்காவின் பாதம் பிரேக்கின் மேல் இருந்தது. மிதிக்கவில்லை.

கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். குனிந்து போய் மருந்தை வாங்கி வந்தேன். ஆஸ்பத்திரி வளாகத்தில், காரின் பின்சீட்டிலேயே அக்காவுக்கு ஊசி போட்டேன். ரெண்டாம் கியர் அம்மா கைப்பையை அணைத்தபடி முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், என்ன ஊசி என்று கேட்டார். அக்கா எதையும் மறைக்கவில்லை. அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நான் மூணாம் கியர் போட்டது உங்க முட்டைக்காகவா?"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலிக்குது வலிக்குது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தால் மாமா திறந்த ஃப்ரிட்ஜின் முன்னால் தெர்மாமீட்டரோடு தரையில் உட்கார்ந்திருந்தார். நான் போனில் சொல்லியிருந்தேன். தலை நிமிரவில்லை. அக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஊர்ல எல்லா வீட்டுலயும் குளிரலன்னு கூப்பிடறாங்க. நம்ம வீட்டுல குளிருதுன்னு கூப்பிட வேண்டியிருக்கு."

"எல்லாத்தையும் கெடுத்துட்டேன்ல?"

"ஒண்ணும் கெடல. ஊசி போட்டாச்சு. ஐஸ் வைக்கணும்னு அவ்வளவு ஆசையா இருந்தா என் வயித்துல வைங்க. குத்தற இடம் மரத்துப்போகும்."

மறுநாளிலிருந்து அதுதான் அவர் வேலை. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவள் வயிற்றில் வைத்துப் பிடிப்பார். நான் "முடிஞ்சுது மாமா" என்று சொன்ன பிறகுதான் கண்ணைத் திறப்பார். முட்டைகள் முதிர்வதற்காகப் போடுகிற கடைசி ஊசியின்போது மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். விழவில்லை. மறுநாள் முழுக்க அவர் நடையே தனியாக இருந்தது.

முட்டை எடுக்கிற அன்று காலை அக்கா பச்சை அங்கியில், வெறும் வயிற்றோடு, டாக்டரிடம் கார் ஓட்டத் தெரியுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். ஊழியர் தள்ளுபடுக்கையை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனார். வராந்தாத் திருப்பத்தில் அது சுவரை உரசப் போனது. போர்வைக்கு அடியில் அவள் வலது கால் அழுந்தியது. அழுத்தியது அழுத்தியபடியே இருந்தது. நான் கூடவே ஓடி அந்தப் பாதத்தைக் கையால் பிடித்தேன். கதவு வரைக்கும் விடவில்லை.

மயக்கம் தெளியும்போது நர்ஸைப் பார்த்து, கண்ணாடி பாருங்க மேடம் என்றாளாம். பிறகு முழுக் கண்ணைத் திறந்து கேட்டாள்.

"எத்தனை?"

ஆறு என்றார் டாக்டர். அக்கா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். மாமா வெளியே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவுகிற சாக்கில் வெகுநேரம் நின்றார்.

சில நாள் கழித்து ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. ஆறில் மூன்று நல்ல கருவாக வளர்ந்திருக்கின்றன. அக்காவின் உடம்பு முதலில் பழைய நிலைக்கு வரட்டும், அதுவரை கருக்களை உறைய வைத்துப் பத்திரப்படுத்துவோம் என்றாள் ஆய்வகத்துப் பெண். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாமாவின் முகம் வெளிறியது.

"உறைய வைக்கவா? உறைஞ்சா கெட்டுப்போகாதா?"

மருந்து வேறு, இது வேறு, இதற்கென்றே முறை இருக்கிறது என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். எவ்வளவு குளிர் என்று கேட்டார். அவள் சொன்ன கணக்கைக் கேட்டு மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. இத்தனை வருடத் தொழிலில் அவர் அந்த அளவுக்குக் குளிர வைத்ததில்லை. அது என்ன பெட்டி, கதவு ரப்பர் எப்படி, ஒரு தடவை வந்து பார்க்கலாமா என்று ஆரம்பித்தார்.

அக்கா அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மேடம், மூணையும் நல்லா உறைய வையுங்க. இவர மட்டும் உள்ள விட்டுடாதீங்க."

வாசலில் ஹாரன் கேட்டது. ரெண்டாம் கியர் அம்மா. அக்கா சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நானும் மாமாவும் ஜன்னலிலிருந்து பார்த்தோம். கார் கிளம்பியது, தெருமுனையில் கொஞ்சம் உறுமியது, பிறகு மூன்றாவது விழுந்த சத்தம் கேட்டது.