நமத்த பிஸ்கட்டும் கடைசி வரிசையும்

இனிப்பும் உப்புமான உஸ்மானியா பிஸ்கட்டை நமத்துப்போன பின் கடித்தால் எனக்கு இன்னும் கைதட்டத் தோன்றும். காரணம், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் சீனியர் அக்கா. ஹைதராபாத்தில் நான் சேர்ந்த முதல் ஆய்வகத்தில், கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு எதிராக ஆன்டிபாடி தேடிக்கொண்டிருந்தோம். ஆன்டிபாடி வைரஸின்மேல் ஒட்டிக்கொள்வது வேறு, அதைச் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுப்பது வேறு. எங்களுடையவை பிரமாதமாக ஒட்டின, தடுக்கத்தான் இல்லை. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் தோற்றால் குழுவைக் கலைத்துவிடுவார்கள்.

குழிகள் கொண்ட தட்டில் செல்களை வளர்த்து, ஆன்டிபாடி கலந்த வைரஸை ஊற்றி, சில நாள் கழித்து ஊதாச் சாயம் ஏற்றுவோம். வைரஸ் செல்களைக் கொன்ற இடத்தில் வெள்ளைப் பொட்டுகள் விழும். ஆன்டிபாடி காப்பாற்றியிருந்தால் குழி முழுக்க ஊதா. கடைசி வரிசையில் மட்டும் ஆன்டிபாடி கிடையாது, வெறும் வைரஸ்.

மிஞ்சிய அந்த ஒன்றைச் சோதித்த மழைக்கால மதியம், தட்டு முழுக்க ஊதா. குழுத் தலைவர் பிஸ்கட் பெட்டியே வரவழைத்துவிட்டார். காபி மேசையைச் சுற்றி ஒரே கும்மாளம். அக்கா மட்டும் தட்டின் படத்தைச் செல்போனில் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நக்கோ சார், வேணாம், பெட்டிய மூடுங்க."

"கல்யாணப் பந்தியில உக்காந்தாலும் உனக்கு உப்பு மேலதான்மா சந்தேகம்," என்றார் தலைவர்.

"ஹவ் சார், ஆமா. கடைசி வரிசையப் பாருங்க. அங்க ஆன்டிபாடியே போடல, அதுவும் ஊதா. வைரஸ் முன்னாடியே செத்துப்போச்சு. செத்த பாம்ப அடிச்சிட்டு பிஸ்கட் சாப்பிடறோம்."

தலைவர் பெட்டியை மூடினார். மின்வெட்டில் ஃப்ரீசர் நின்று உள்ளிருந்த வைரஸ் உருகிக் கெட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அக்கா பெட்டிக்கு ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டு, வேறொரு ஃப்ரீசரிலிருந்த வைரஸோடு முதலிலிருந்து ஆரம்பித்தார். காத்திருந்த நாட்களில் யாரும் அந்த அலமாரிப் பக்கம் பார்க்கவில்லை.

இரண்டாவது தட்டில் சாயத்தைக் கழுவியதும் அவர் முதலில் பார்த்தது கடைசி வரிசையை. சல்லடையாய் வெள்ளைப் பொட்டுகள். "வைரஸ் கிழிச்சிடுச்சுடா," என்று சிரித்தார். பிறகுதான் மேலே பார்த்தோம். ஆன்டிபாடி இருந்த வரிசைகள் எல்லாம் கீறல் விழாத ஊதா. எங்கள் ஆன்டிபாடி தடுத்துவிட்டது. உயிரோடிருந்த வைரஸை, நேருக்கு நேர். அன்றைக்குத் தட்டிய கைதட்டல் காரிடார் கடைசிவரை கேட்டிருக்கும்.

ரப்பர் பேண்ட் கழன்றது. பிஸ்கட் முழுக்க நமத்திருந்தது, ஆனாலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"உப்பு சரியா இருக்காம்மா?" என்றார் தலைவர்.

"இப்ப இருக்கு சார்."

அந்த ஆன்டிபாடியை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கப் போன வாரம் அனுமதி கிடைத்தது. வேறு ஊருக்குப் போய்விட்ட அக்காவிடமிருந்து இன்று காலை கூரியரில் ஒரு பிஸ்கட் பெட்டி வந்தது, ரப்பர் பேண்டோடு. வழியிலேயே மழை பிடித்திருக்க வேண்டும். ஒன்றை எடுத்துக் கடித்தேன். நன்றாக நமத்திருந்தது. உப்பு சரியாக இருந்தது.