நாலு ஏரியாவும் ஒரு வாட்ச்மேனும்

திருடன் வந்தால் கத்துவதற்கு ஒரு பெட்டி வைத்துக் கொடுப்பது என் தொழில். திருடன் வராத நாளில் அது கத்தினால் திட்டு வாங்குவதும் அதே தொழில்தான். இன்வெர்ட்டர், வாட்டர் ஹீட்டர், மோட்டார் என்று எதையாவது அடுத்தவர் இடத்தில் மாட்டிவிட்டு, அப்புறம் அவர் போன் நம்பரைப் பார்த்தாலே எடுக்காமல் ஒளிகிறீர்களா? வாருங்கள், நீங்கள் நம்ம ஆள்.

2004 கடைசியில் நான் பாண்டியில் ஒரு சின்ன அலாரம் கடையில் புரோகிராமர். மரக்காணம் பக்கம் உப்பைக் கழுவி, அயோடின் கலந்து, பாக்கெட் போடும் ஒரு கம்பெனியை என் தலையில் கட்டினார்கள். ஒன்றரை வருஷம் அங்கே பட்டதில் கொஞ்சம்தான் இங்கே சொல்கிறேன். மீதியைச் சொன்னால் எனக்கே தாங்காது.

ஏரியா லிஸ்ட்

எங்கள் பெட்டியில் ஒரு வசதி உண்டு. கட்டடத்தைப் பல ஏரியாவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பூட்டலாம், திறக்கலாம். ஆபீஸைப் பூட்டிவிட்டு குடோனில் வேலை பார்க்கலாம். அதனால் முதல் நாளே மேனேஜருக்குப் போன் போட்டு, "உங்க ஏரியா எல்லாத்தையும் எழுதி வைங்க சார், வந்ததும் ஏத்திடறேன்" என்றேன். இனி எந்த ஜென்மத்திலும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

வெயிலில் பஸ் பிடித்துப் போய் இறங்கினால், மனுஷன் அழகாக டைப் அடித்த தாளை நீட்டினார். திண்டிவனம், வானூர், மயிலம், செஞ்சி, கூனிமேடு. அத்தனையும் உப்பு விற்கிற ஊர்கள்! "சார், செஞ்சியில திருடன் பூந்தா இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிப்போனது. லிஸ்ட் சின்னதாக இருப்பதை நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"எங்க ஏரியா அவ்ளோதாங்க. பாண்டிக்கு டீலர் இன்னும் கெடைக்கல."

முதுகைக் காட்டாத மனுஷன்

கடைசியில் நாலு ஏரியா முடிவானது: ஆபீஸ், பேக்கிங் ஷெட், சாக்கு குடோன், வாட்ச்மேன் ரூம். சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டுகிற வேலை வாட்ச்மேன் ஏழுமலைக்கு. நாற்பது வயசு இருக்கும். இருபது வருஷம் உப்புப் பாத்தியில் நின்றவர். இரண்டு காலிலும் ஆறாத புண். இனி உப்புத் தண்ணியில் கால் வைத்தால் காலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வாட்ச்மேன் வேலை அது.

பூட்டுவதற்கான கோடு நம்பரை அமுக்கினால் கீபேடு அரை நிமிஷம் பீப் பீப் என்று கத்தும். அதற்குள் வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டும். இவரோ பீப் அடித்து முடிக்கும்வரை கீபேடு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அது அடங்கியதும் நிதானமாகத் திரும்பி நடப்பார். உடனே சைரன் அலறும். தொடர்ந்து ஆறு நாள்! இன்னொரு தடவை கத்தினால் வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அய்யோ, ஏங்க அப்படி நிக்கிறீங்க என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அது நம்மகிட்ட பேசிக்கினு இருக்கும்போது எப்படி சார் முதுகைக் காட்டிட்டுப் போறது?"

காத்துக்கு வாரண்டி

அவரைப் பழக்கி முடித்தேன், கடல் காற்று ஆரம்பித்தது. மூன்றே வாரத்தில் ஒயர் முனையெல்லாம் பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தது. ஆள் இல்லாத குடோனில் ஆள் நடமாடுவதாகப் பெட்டி சத்தியம் செய்தது. நான் துடைத்துத் துடைத்து மாட்டினேன். அடுத்த வாரம் மறுபடியும் பச்சை. எல்லாவற்றையும் மாற்றினால்தான் உண்டு என்று பாண்டிக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். எங்கள் முதலாளி டீ குடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பொருளுக்குத்தாம்பா வாரண்டி. காத்துக்கெல்லாம் நாம பொறுப்பு இல்ல."

குப்பம் ஓடிய நாள்

அந்த டிசம்பரில்தான் சுனாமி வந்தது. கம்பெனி மேட்டில் இருந்ததால் தப்பித்தது. பக்கத்து மீனவர் குப்பத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும், நான் எழுத வேண்டாம்.

இரண்டு மாசம் கழித்து, காலை பதினோரு மணிக்கு ஃபயர் டெஸ்ட். குடோனில் ஏணி போட்டு ஏறி, புகை சென்சருக்குக் கீழே ஊதுவத்தியைக் காட்டினேன். கூரைமேல் இருந்த பெரிய சைரன் ஊரே கேட்கிற மாதிரி அலறியது. நன்றாக வேலை செய்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். உப்பளத்து வரப்பில் குப்பமே ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பில் பிள்ளைகளோடு பெண்கள், பாத்தியில் வழுக்கி விழுந்து எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். என் கையில் ஊதுவத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அப்போதே செத்துப்போயிருக்கலாம்.

ஒரு மணி நேரம் கழித்து, குப்பத்தில் மீன் விற்கிற செல்வி கம்பெனி கேட்டுக்கு வந்தாள். முழங்காலில் ரத்தம், புடவையெல்லாம் சேறு. அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் சைரனையே பார்த்துக்கொண்டு, கடல் வந்தால் இது கத்துமா என்று கேட்டாள். இல்லைம்மா, திருட்டுக்கும் தீக்கும்தான் என்றேன்.

"அப்போ கடலுக்கு ஒரு ஏரியா போட்டுக் குடு சார். மத்ததுக்கெல்லாம் நாங்களே கத்திக்கிறோம்."

பஸ்ஸர்

என்னமாவது செய்யுங்க, இனிமே ஊர்க்காரங்க கேட்டுக்கு வரக் கூடாது என்றார் மேனேஜர். ஐந்து நிமிஷ வேலை. கூரை சைரனைத் தீ அலாரத்திலிருந்து பிரித்துவிட்டேன். இனி தீப்பிடித்தால் வாட்ச்மேன் ரூமில் உள்ள சின்ன பஸ்ஸர் மட்டும் கிய்ங் என்று கத்தும். ஊருக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஏழுமலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸர் ஓய்கிறவரை நின்று கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி. எனக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். அதெல்லாம் கேக்கும் போங்க என்று பையைத் தூக்கிக்கொண்டேன்.

"நான் கேட்ல லாரிகிட்ட நிக்கும்போது கத்துனா, சார்?"

மெதுவாகச் சொன்னது

2006 கோடையில், ஒரு மத்தியானம், சாக்கு குடோன் பற்றிக்கொண்டது. ஏழுமலை கேட்டில் இருந்தார். உறுமிக்கொண்டு நின்ற லாரியில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். பஸ்ஸர் காலி ரூமில் கத்திக்கொண்டே இருந்தது. புகையை முதலில் பார்த்தது குப்பம்தான். இந்தத் தடவை அவர்கள் கம்பெனியைப் பார்த்து ஓடி வந்தார்கள், குடத்தோடும் பக்கெட்டோடும். செல்விதான் முன்னால் வந்தாளாம். உயிர்ச்சேதம் இல்லை. குடோன் போச்சு.

மறுநாள் என்னையும் முதலாளியையும் வரவழைத்தார்கள். பெட்டியில் பதிவானதைப் பிரின்ட் எடுக்கச் சொன்னார் மேனேஜர். எடுத்தேன். தீ அலாரம்: இரண்டு பன்னிரண்டு. ஏழுமலை கோடு நம்பரைப் போட்டு நிறுத்தியது: இரண்டு முப்பத்தொன்று. பத்தொன்பது நிமிஷம் இந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தான் என்று மேனேஜர் தாளைத் தட்டினார். ஊர்க்காரங்க வரக் கூடாது என்றது அவர். அதற்காகச் சைரனைப் பிரித்தது நான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் முதலாளி என் காலை மிதித்தார். வாயை மூடிக்கொண்டேன். ஆமாங்க, மூடிக்கொண்டேன். அன்றைக்கே ஏழுமலையின் கணக்கை முடித்துவிட்டார்கள்.

ஒரு மாசம் கழித்து சர்வீஸுக்குப் போனபோது அவரைப் பாத்தியில் பார்த்தேன். கணுக்காலில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, உப்பு வாரிக்கொண்டிருந்தார். கவருக்குள்ளே தண்ணீர் போயிருந்தது. ஏழுமலை, என்னை மன்னிச்சிருங்க என்றேன். அவருக்கு நான் எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றே புரியவில்லை. அவர் மனசில் இருந்தது வேறு.

"அன்னிக்கு ஒண்ணுமில்லாததுக்கு ஊரையே ஓட வெச்சுச்சே சார், நெஜமா நெருப்புன்னதும் எங்கிட்ட மட்டும் ஏன் அவ்ளோ மெதுவா சொல்லுச்சு?"

அந்தப் பெட்டி பேசும்போது முதுகைக் காட்டாமல் நின்ற ஒரே மனுஷனை வேலையை விட்டு அனுப்பியதுதான், என் சர்வீஸிலேயே ஒரு ஃபால்ஸ் அலாரம்கூட இல்லாமல் நான் செய்து முடித்த ஒரே வேலை.