எனக்காகக் கார் நின்றது: சிங்கப்பூரில் ஒன்றரை கிலோமீட்டர்

சென்ற ஐப்பசியில் மகளின் பிரசவத்துக்காகத் திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூர் போனேன். நாலேகால் மணி நேரம். பேத்தி பிறந்த மறுநாள் காலை மகள் போனில் அழுதாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை வாயில் வைத்தாலே குமட்டுகிறதாம். வெறும் வயிற்றோடு எப்படிப் பால் கொடுப்பாள்? மிளகுக் குழம்பு வைத்து, சோற்றோடு தூக்கில் எடுத்துக்கொண்டேன்.

வேலைக்குப் போயிருந்த மருமகனைப் போனில் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டேன். "வேணாம் அத்தை. வழி தப்பிட்டா எங்கன்னு தேடுவேன்? சாயங்காலம் நானே எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"அதுவரைக்கும் அவ பட்டினியா மாப்புள்ள? நடவுக்கு நாலு மைல் நடந்தவ நான். வழியச் சொல்லுங்க."

வழி சுலபம். வாசலில் இடப்பக்கம் திரும்பி நேராக 900 மீட்டர். ஒரு சாலையைக் கடந்து இன்னும் 600. நான் படித்தது ஐந்தாவதுதான். ஆனால் அங்கே ஒவ்வொரு கட்டடத்திலும் பெரிதாக எண் போட்டிருக்கிறார்கள். எண் படிக்க இங்கிலீஷ் எதற்கு?

11:20க்குக் கிளம்பினேன். நடைபாதைக்கு மேலே கூரை! அறுத்த நெல்லே மழையில் கிடக்கும் ஊர்க்காரி நான். நடக்கிறவர் தலைக்குக் கூரை போட்ட ஊரை அன்றுதான் பார்த்தேன். அண்ணாந்து பார்த்தே பாதித் தூரம் போய்விட்டது.

சாலையில் வெள்ளைப் பட்டைகள் போட்ட இடத்துக்கு வந்தேன். கறுப்புக் கார் ஒன்று வந்து நின்றது. நான் இரண்டடி பின்வாங்கி ஓரமாக நின்றேன். கார் போகவில்லை. கையைக் காட்டினேன். காரோட்டியும் எனக்குக் கையைக் காட்டினார். தூக்கில் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

சிறுமியாக இருந்தபோது பண்ணையார் வண்டி வந்தால் நாங்கள் பாதையை விட்டு வயல் சேற்றில் இறங்கி நிற்போம். பிறகு கூலிப் போராட்டம் வந்தது, ஆட்சி மாறியது, குடியிருந்த மனைக்கு அப்பா பெயரில் பட்டாவும் கிடைத்தது. என் கால்கள் மட்டும் இன்னும் ஒதுங்கிக்கொண்டிருந்தன.

புல் வெட்டிக்கொண்டிருந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் என் சேலையைப் பார்த்துத் தமிழில் கத்தினார்: "யம்மா, போங்க! நீங்க போனாத்தான் அவன் போவான்."

"பெரிய வண்டி. அது போவட்டுங்க."

"எம்மாம் பெரிய வண்டின்னாலும் இந்தக் கோட்டுல நடக்குறவங்கதான் முதலாளி! பின்னாடி நாலு வண்டி நிக்கிது பாருங்க. நம்மூரா இருந்தா இந்நேரம் பரம்பரையவே இழுத்திருப்பானுவோ."

இறங்கினேன். முதல் இரண்டு பட்டை வரை ஓட்டமும் நடையுமாகப் போனேன். பிறகு நடந்தேன். ஐந்து கார்கள் நிற்க, ஹாரன் சத்தமே இல்லாமல், என் வேகத்தில் நடந்தேன். நான் எதிர்ப்பக்கம் ஏறிய பிறகுதான் கறுப்புக் கார் நகர்ந்தது.

11:55க்கு மகளின் கட்டிலருகே இருந்தேன். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். "யாரு கூட்டியாந்தா?" என்று கேட்டாள். யாருமில்லை என்றேன்.

போகிறவர்களுக்கு: வீட்டு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குடை அவசியம், கூரை எல்லா இடத்திலும் கிடையாது. வெள்ளைப் பட்டையில் இரண்டு பக்கமும் பாருங்கள், வண்டி நின்றதும் இறங்குங்கள், ஓட வேண்டாம்.

மூன்றாம் நாள் மகளும் பேத்தியும் வீடு திரும்பினார்கள். டாக்சியில் எனக்கும் இடம் விட்டு மருமகன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க முன்னாடி போங்க மாப்புள்ள, நான் நடந்து வர்றேன்" என்றேன்.