முற்றும் இல்லாத புத்தகம்

என் அலமாரியில் இருநூற்றுப் பதினான்கு புத்தகங்கள் இருக்கின்றன. போன வாரம் எண்ணினேன். அதற்கு முந்தைய வாரம் இருநூற்றுப் பதிமூன்றுதான் வந்தது. மெல்லிய புத்தகம் ஒன்று தடித்த ஒன்றுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கும்வரை இரண்டு வேளை சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

இவற்றில் நூற்று அறுபதுக்கு மேல் திகில் கதைகள். திகில் என்றால் ரத்தம் தெறிக்கிற வகை அல்ல. ஆள் காணாமல் போக வேண்டும், பூட்டிய அறையில் காலடி கேட்க வேண்டும், யார் நல்லவர் யார் கெட்டவர் என்று கடைசிவரை தெரியக் கூடாது. அதோடு, கதையில் யாராவது ஒருவர் சாமி கும்பிட வேண்டும். அவரைக் கதை எழுதியவர் கேலி செய்யக் கூடாது. கெட்ட வார்த்தை ஆகாது. மகள் சென்னையிலிருந்து இப்போதைய நாவல்கள் வாங்கிவருவாள். "இதுல கொலை இருக்குப்பா, உங்களுக்குப் பிடிக்கும்" என்பாள். கொலை இருக்கும். சாமி விளக்கு இருக்காது. நாற்பது பக்கத்தில் மூடிவிடுவேன்.

எனக்குக் கவலைப்படாமல் இருக்கத் தெரியாது. கேஸ் அடுப்பை மூடினோமா, பம்ப்செட் ஓடுகிறதா, பஸ் வருமா என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்று. இந்தக் கதைகளில்தான் கவலை வேறொருவருடையது. அது இத்தனை பக்கத்தில் தீரும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்துக்கொள்ளவும் முடியும். அதனால் எந்தப் புத்தகத்தைத் தொட்டாலும் முதலில் பக்கங்களை எண்ணுவேன். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்க மாட்டேன். எண்ணும்போது அந்தத் தாளைக் குப்புறப் பிடித்துத் தள்ளிவிடுவேன். இந்தப் பழக்கத்தால் ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன்.

அப்போது நான் நாகப்பட்டினம் பஸ் நிற்கிற ஓர் ஊரில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியர். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். எங்கள் பங்கு ஐந்து ஏக்கர் முப்பது சென்ட். என் மனைவிக்கு அது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை. ஏழாவது மாதத்தில் நாகப்பட்டினத்து டாக்டரம்மா, "இனிமே பிரசவம் வரைக்கும் படுக்கைதான், எழுந்திருக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டார். நாள் கணக்குப் போட்டேன். எழுபத்தெட்டு நாட்கள் வந்தன.

எழுபத்தெட்டு நாட்கள் ஒருத்தி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியாது. பள்ளிவிட்டு வந்ததும் ஐந்து மணியிலிருந்து விளக்கேற்றும்வரை கதை வாசித்துக் காட்டுவேன். அவளுக்கும் என்னுடைய ருசிதான். என்னைப் பார்த்து வந்ததா, முன்பே இருந்ததா, தெரியாது. பயம் முற்றுகிற இடத்தில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "நிறுத்தாதீங்க" என்பாள்.

புத்தகங்கள் வாய்க்காலுக்கு அக்கரையிலிருந்து வந்தன. அங்கே விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர் எட்டாம் வகுப்புவரை படித்தவர். கண்ணில் பட்டதையெல்லாம் வாசிப்பார். படிப்பகத்தில் பழசாகிப்போன வார இதழ்களை வீட்டுக்குக் கொண்டுபோய், தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, சிமென்ட் மூட்டைக் காகிதத்தில் அட்டை போடுவார். அவர் கை பைண்டிங் பிரிந்து நான் பார்த்ததில்லை. சாமி நம்பிக்கை துளியும் கிடையாது. மேடை ஏறினால் சாமியைத்தான் முதலில் பிடிப்பார். ஆனால் அவர் தைத்துத் தந்த கதைகளில் பாதி, சாமி வருகிற கதைகள்.

"இதையெல்லாம் நீங்க எப்படிப் படிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கதை நல்லா ஓடுது சார். நெல்லுல பதர் தள்ற மாதிரி சாமியைத் தள்ளிட்டுப் படிச்சுடுவேன்" என்றார்.

என்னை அவர் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அக்கரைக்காரர்கள் எங்கள் தெருவில் யாரையும் 'ஐயா' என்பதுதான் அதுவரை வழக்கம். என் அண்ணனுக்கு இது உறுத்தல். எனக்கு உறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளைக்கு நூறு 'சார்' கேட்பவன் நான்.

மார்கழியில் அவர் கொடுத்த கதையை எடுத்து எண்ணினேன். இருநூற்று இருபத்திரண்டு பக்கம். வாரத்துக்கு ஆறு பக்கம் என்றால் முப்பத்தேழு வாரம், மீதியில்லாமல் வகுபட்டது. திருப்தியாக ஆரம்பித்தேன்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில், தேர்க் கூட்டத்தில் ஒரு விதவைத் தாயின் ஐந்து வயதுப் பிள்ளை காணாமல் போகிறது. அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயில் வாசலில் அந்தப் பிள்ளையின் பொருள் ஒன்று காகிதப் பொட்டலத்தில் கிடக்கும். ஒரு வாரம் அரைஞாண் கயிறு, ஒரு வாரம் சட்டைப் பொத்தான். வைத்தது யார் என்று தெரியாது. தாய் அந்த வாசலில் தினமும் ஒரு விளக்கு ஏற்றுகிறாள். கோயில் கணக்கர், படகோட்டி, புதிதாக வந்த சாமியார் மூவர் மேலும் எங்களுக்குச் சந்தேகம். நான் படகோட்டி என்றேன். அவள் கணக்கர் என்றாள்.

பாதியில் ஒரு சாயங்காலம், புத்தகத்தை மூடியதும் அவள் சொன்னாள்: "அந்தப் பிள்ளை கிடைச்சிட்டா நம்ம பிள்ளையும் தங்கிடும்னு நெனைச்சுக்கிட்டேங்க."

"கதையை வச்சு அப்படியெல்லாம் நெனைக்கலாமா?"

"நெனைச்சாச்சு. இனிமே என்ன பண்றது?"

அன்றிலிருந்து அந்தக் கவலையும் என்னுடையதாகிவிட்டது. கடைசித் தாளைப் புரட்டிப் பார்த்துவிடலாமா என்று எத்தனையோ தடவை கை போயிற்று. முடிவு தெரிந்தவன் வாசித்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று கையை இழுத்துக்கொண்டேன்.

தை பிறந்தது. அறுவடைக்கு முன் சங்கம் கூலி உயர்த்திக் கேட்டது. எங்கள் தெருக்காரர்கள் மறுத்து, வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சங்கத்துக்காரர்கள் வயல்களில் செங்கொடி நட்டார்கள். ஊரில் இரண்டு போலீஸ் வேன் நின்றது. சென்னையில் ஆட்சி மாறி, குடிசை நிற்கிற மனை அதில் இருப்பவனுக்கே என்று பேச்சு அடிபட்ட காலம். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. வாய்க்காலின் மூங்கில் பாலத்தை இக்கரையிலிருந்து யாரும் கடப்பதில்லை, அக்கரையிலிருந்தும் யாரும் கடப்பதில்லை. அண்ணன் என்னிடம் தனியாகவே வந்து சொன்னார்: "புஸ்தகம் கிஸ்தகம்னு அந்தப் பக்கம் காலை வச்சுடாதடா. நம்ம ஆளுங்களே உன்னைத் தப்பா பேசுவாங்க."

அந்த வாரத்தில்தான் முப்பத்தேழாவது அத்தியாயம் முடிந்தது. ஆற்றில் வெள்ளம், புயல், எங்கும் இருட்டு. பிள்ளையின் குரல் போல ஒன்று கேட்கிறது. கீழே சின்ன எழுத்தில் 'அடுத்த இதழில் முடியும்'. தாளைத் திருப்பினேன். சிமென்ட் காகிதம்தான் இருந்தது.

முப்பத்தெட்டாவது வாரம் ஒன்று இருந்திருக்கிறது. மீதியில்லாமல் வகுபட்டதே என்று நான் திருப்திப்பட்ட கணக்கு அது.

"என்னங்க, நின்னுட்டீங்க?"

"நாளைக்கு முடிச்சுடலாம். தொண்டை கட்டுது."

மறுநாள் பள்ளியில் மூன்று பாடவேளையாக ஒரு முடிவை யோசித்துவைத்தேன். சாயங்காலம் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசிப்பது போலச் சொன்னேன். படகோட்டி பிள்ளையைத் தூக்கி வருகிறான், தாய் கட்டிக்கொள்கிறாள், முற்றும். எனக்கே நன்றாகத்தான் தோன்றியது. அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"ஒரு அத்தியாயத்துக்கு மூணு தரம் தாள் திருப்புவீங்க. இதுக்கு ஒரு சத்தமும் கேக்கலையே" என்றாள்.

நான் புத்தகத்தை மூடினேன்.

"பிள்ளை கிடைக்கலையா? அதான் மறைக்கிறீங்களா?"

"கடைசித் தாள் இல்லை" என்றேன். சத்தியம் செய்தேன். நம்பினாளா என்று தெரியவில்லை. அன்று இரவும் மறுநாள் காலையும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பிரசவத்துக்கு இன்னும் நாற்பத்தொரு நாள் இருந்தது.

அன்று மத்தியானம் பள்ளியிலிருந்து நேராக மூங்கில் பாலத்துக்குப் போனேன். பயம் வந்தால் எதையாவது எண்ணுவேன். பாலம் முப்பத்தொரு அடி. அக்கரையில் வேப்பமரத்தடியில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் மட்டும், "வாத்தியாரே அறுக்க வந்துட்டாரு போல" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

செயலாளர் வீட்டிலிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்து, "இங்க வா, சாருக்கு நீயே பதில் சொல்லு" என்றார்.

அவர் மனைவி வந்து, கை நீட்டிச் சுவரைக் காட்டினார். கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் பாலமுருகன், மயிலோடு, நல்ல வண்ணத்தில். நெற்றியில் குங்குமப் பொட்டு. பக்கத்திலேயே அதே உயரத்தில் செயலாளருடைய தலைவர் படம்.

"கடைசி வாரம் கதை ஒரு பக்கந்தான் சார். அதுக்குப் பின்பக்கம் முருகன் வந்துட்டாரு. நான் தைக்கிறதுக்குள்ள வெட்டி எடுத்து மாட்டிட்டா" என்றார் செயலாளர்.

"அம்மாம் அழகா இருந்துச்சு, விட்டுடச் சொல்றியா?"

"கழட்டிக் கொடு. சார் படிச்சுட்டுத் தருவாரு."

"மைதாப் பசை போட்டு அட்டையில ஒட்டியாச்சு. உரிச்சா முருகன் கிழிஞ்சு போவாரு."

"கிழிஞ்சா என்ன, காயிதம்தானே?"

"அப்ப உன் தலைவரை மொதல்ல உரி. அதுவும் காயிதம்தான்."

நான் சட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கண்ணாடியை நகர்த்தி, ஓரத்தில் ஓர் இடம் விட்டிருக்குமா என்று நகத்தால் தொட்டுப்பார்த்தேன். அவருடைய பைண்டிங் பசைதான். விட்டுத்தர வாய்ப்பேயில்லை. என் மனைவி நினைத்துக்கொண்டதையும் அவள் சாப்பிடாமல் கிடப்பதையும் சொன்னேன். செயலாளர் மனைவி முருகனைத் திரும்ப வாங்கி மாட்டினார்.

"நான் படிச்சிருக்கேன் சார். ஞாபகம் இருக்கு. உங்க வீட்டம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்" என்றார் செயலாளர்.

"இப்ப எங்க தெருவுக்கு நீங்க வந்தா..."

"நீங்க வரலையா?"

நாலரை மணிக்கு வந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். அண்ணன் களத்து மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். கொல்லைப் பக்கம் போகத் திரும்பியவரை நிறுத்தி, வாசல் வழியாகவே அழைத்துக் கூடத்தில் நாற்காலி போட்டேன். எங்கள் வீட்டில் அது முதல் தடவை. அறைக்குள் அவள் கட்டிலில், கதவு திறந்திருந்தது.

மேடையில் பேசுகிற குரல் இல்லை. மெதுவாகச் சொன்னார். "பிள்ளைய ஒளிச்சு வச்சது கணக்கர்தாம்மா. வெள்ளம் வந்ததும் விட்டுட்டு ஓடிட்டான். பிள்ளை இருட்டுல ஆத்தங்கரையில நிக்குது. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல. ஊர்ல அத்தனை விளக்கும் அணைஞ்சு போச்சு. அவங்க அம்மா கோயில் வாசல்ல ஏத்துன விளக்கு மட்டும் அணையல. அதைப் பாத்துக்கிட்டே நடந்து வந்துச்சும்மா பிள்ளை."

"அந்தக் காத்துல எப்படிங்க அணையாம இருந்துச்சு?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "சாமிதாம்மா" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் முற்றும் போட்டுட்டான்."

அன்று அவள் இரண்டு தடவை ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அண்ணன் வந்து நின்றார். "சங்கத்து ஆளுக்கு இங்க என்னடா வேலை?"

"கதை சொல்ல வந்தாரு."

"சின்னப் பிள்ளைகிட்ட சொல்லு."

என் வீட்டில் ரகசியமாகக் கூலிப் பேச்சு நடக்கிறது என்று இரண்டு கரையிலும் ஒரு வாரம் பேசினார்கள். கூலி பிறகு தாசில்தார் முன்னிலையில் பேசி முடிந்தது. அதற்கும் எங்கள் கதைக்கும் சம்பந்தமில்லை. பங்குனியில் மகள் பிறந்தாள். இரண்டு கிலோ எண்ணூறு. கைவிரல் கால்விரல் இருபதையும் நானே எண்ணினேன்.

மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு புயலில் அக்கரை வீடுகளில் தண்ணீர் ஏறிற்று. சட்டத்துக்குள் ஈரம் போய், பத்து நாள் கழித்து முருகன் தானாக அட்டையைவிட்டு எழும்பிவிட்டார். செயலாளர் மனைவி, பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து அந்தத் தாளை என்னிடம் தந்தார். "பின்பக்கம் எழுத்து தெரியுது சார். பாத்துட்டு நீங்களே வச்சுக்குங்க. எனக்குப் புது முருகன் வந்துட்டாரு."

பசை தின்றது போக மீதியை வாசித்தேன். கணக்கர்தான். அது சரி. ஆனால் டவுனிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வருகிறார். பொட்டலம் கட்டிய காகிதத்திலிருந்த கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார். பிள்ளையை ஜீப்பில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விடுகிறார். தாய் தூக்கத்திலிருந்து எழுந்து வருகிறாள். மொத்தம் நாற்பத்து நான்கு வரி. மூன்று தடவை பார்த்தேன். விளக்கு எந்த வரியிலும் இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். அப்போது அது சிமென்ட் பாலம். செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். திருப்பித் தந்தார்.

"பத்திரிகைக்காரன் தப்பா போட்டிருக்கான் சார்" என்றார்.

கடைசித் தாளை அதன் இடத்தில் வைத்து நானே தைத்தேன். என் தையல் கோணல்தான். இப்போது அந்தப் புத்தகம் இருநூற்று இருபத்து நான்கு பக்கம், முருகனையும் சேர்த்து. என் மனைவிக்குக் கண்புரை வந்தபிறகு எழுத்து பிடிபடுவதில்லை. தை மாதம் வந்தால், "அந்தப் பிள்ளை கதையை வாசிங்க" என்பாள். போன தையிலும் வாசித்தேன். முப்பத்தேழு அத்தியாயம், பதினேழு சாயங்காலம். வெள்ளம் வந்தது, இருட்டு வந்தது, பிள்ளையின் குரல் கேட்டது. அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

தாளைத் திருப்பினேன். சத்தம் கேட்கும்படியே திருப்பினேன். நாற்பத்து நான்கு வரியையும் விட்டுவிட்டு, அணையாத விளக்கைச் சொன்னேன்.